அனுப்பினால் மட்டும் வருகிறவள்

அந்தப் பெண்ணை இணையதளத்தில் எங்கே தேடியும் காணவில்லை. ஆனால் அதன் லிங்கை யாருக்காவது அனுப்பினால் அவள் வந்துவிடுகிறாள்.

“பாருங்க” என்று றுமானா தன் போனைக் கஜந்தியின் பக்கம் தள்ளினாள். மேசையில் செத்துக் கிடக்கும் பூச்சியை ஒதுக்குவது போல, ஒற்றை விரலால்.

வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய லிங்க். அதற்கு மேல் சின்னப் பெட்டியாக ஒரு படம். கடற்கரைச் சுவரில் சாய்ந்தபடி ஒரு பெண் நின்றாள். இளஊதா முக்காட்டைக் காற்று ஒரு பக்கம் இழுத்திருந்தது. படத்தின் கீழே தடித்த எழுத்தில் ‘ஜெமீல் கடற்பயணம் – எங்களைப் பற்றி’ என்றிருந்தது.

“எங்களைப் பற்றியாம். அதுக்கு மேல இவ” என்றாள் றுமானா. “இது என்ட மதினி அனுப்பினது. அவவுக்கு வேற ஆரோ அனுப்பியிருக்கு. எங்கட ஊர் ஜமாலியா முழுக்கப் பாத்த பிறகுதான் எனக்கு வந்திருக்கு.”

கஜந்தி லிங்கை அழுத்தினாள். பக்கம் திறந்தது. படகு, அலை, திமிங்கில வால், ஜெமீலின் தொலைபேசி இலக்கம். கடைசி வரி வரைக்கும் இறங்கிப் பார்த்தாள். ஊதா முக்காட்டுக்காரி எங்கும் இல்லை.

கஜந்தியின் அலுவலகம் உட்துறைமுக வீதியில், வலையும் கயிறும் விற்கிற கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறை. காப்புறுதிக் கம்பனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவள், அந்த வேலையை விட்டுவிட்டுத் தனியே விசாரணைகள் எடுக்கத் தொடங்கியிருந்தாள். உதவிக்கு ஜெஸீமா. ஜெஸீமாவுக்கு முந்தைய தொழில் மணப்பெண் அலங்காரம். இரண்டு தொழிலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பாள். அங்கே மூடினோம், இங்கே துடைக்கிறோம், அவ்வளவுதான்.

“உங்கட அவர் என்ன சொல்றார்?” என்று கஜந்தி கேட்டாள்.

“தெரியாதாம். இப்படி ஒருத்தியக் கனவிலயும் கண்டதில்லையாம். கனவில வராதவ எப்படி என்ட போனுக்குள்ள வந்த?”

“போனுக்குள்ள வாறத்துக்குக் கனவு தேவையில்ல ராத்தா” என்றாள் ஜெஸீமா, தேநீர்க் கோப்பையை றுமானாவின் முன்னால் வைத்தபடி. “டேட்டா இருந்தாப் போதும்.”

றுமானாவின் உதடு ஒரு கணம் பிடியிழந்து சிரித்தது. உடனே அதற்காகக் கோபித்துக்கொண்டவள் போல முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

கஜந்தி அதைக் கவனித்தாள். அவளும்தான் இவ்வளவு நேரமாக இதமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு றுமானா கொடுத்தவை பதில்கள் மட்டும். சிரிப்பு ஜெஸீமாவுக்குப் போனது. எப்போதும் அப்படித்தான். வழக்கு முடிந்து போகிறவர்கள் வாசலில் நின்று ஜெஸீமாவின் இலக்கத்தைத்தான் கேட்டு வாங்குவார்கள்.

“முதல்லயும் ஏதும் சந்தேகம் இருந்ததோ?”

“படகில வாறவளுகள் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு கோலம். ஒருத்தி வைக்கோல் தொப்பி போட்டு, நீல நாடா கட்டி, நாடாவில சின்னச் சிப்பி வேற தச்சு, அவர்ட தோளில கைய வெச்சிட்டுச் சிரிக்கிறா. பொறுத்தன். வெளிநாட்டுக்காரி, வருவா, போவா. இவ அப்படி இல்ல. இவ இங்கத்தவ. இந்த முக்காடு கட்டுற விதம் எங்கட விதம்.”

“சரி. உங்களுக்கு என்னட்ட இருந்து என்ன வேணும்?”

றுமானா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “வீடு என்ட பேரில. வாப்பா எனக்குத் தந்தது. நாளைக்கு ஜும்ஆத் தொழுகை முடிய என்ட சாச்சாமார், வாப்பாட தம்பிமார் வருவாங்க. வந்தா அவர்ட பேக் வெளிய போகும். பேச்சு இல்ல. அதுக்கு முந்தி எனக்கு இவ ஆரெண்டு தெரியணும்.”

அந்தப் பக்கத்துக் கலியாணங்களில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். உடைந்தால் பையோடு வெளியேறுகிறவனும் அவன்தான். ஜெமீல் ஏற்கெனவே படகில் படுக்கத் தொடங்கிவிட்டான் என்று றுமானா சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் வெற்றி இருக்கவில்லை.

“படகு எந்த இறங்குதுறையில கட்டியிருக்கு? ஒருக்கா அவரையும் பாத்துக் கதைக்கலாம்” என்றாள் ஜெஸீமா.

“எனக்குச் சரியாத் தெரியாது. நான் அந்தப் பக்கம் ஒருநாளும் போனதில்ல. கடலக் கண்டாலே எனக்குத் தலை சுத்தும். அவர்ட இலக்கம் தாறன்.”

எழுந்து போக முன்னர், றுமானா மறுபடியும் போனை எடுத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறவளின் கண்.

“இவ கமராவப் பாத்துச் சிரிக்கல்ல” என்றாள்.

“ஓம்” என்றாள் கஜந்தி. “எடுக்கிற ஆளைப் பாத்துச் சிரிக்கிறா.”

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் இருவரும் ஒன்றையே பார்த்தார்கள்.

*

றுமானா படியிறங்கிப் போனதும், கஜந்தி தளத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாக ஜெஸீமாவின் போனுக்கு அனுப்பினாள். திமிங்கிலப் பக்கத்துக்குத் திமிங்கில வால் வந்தது. புறாத்தீவுப் பக்கத்துக்கு மஞ்சள் மீன்கள். விலைப் பக்கத்துக்குப் படகு. ‘எங்களைப் பற்றி’க்கு மட்டும் அவள்.

“ஒரு பக்கத்தில மட்டும் குடியிருக்கிறா” என்றாள் ஜெஸீமா. “வாடகை எவ்வளவோ.”

கஜந்தி படத்தின் நிழல்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“படத்த எடுத்தவனப் பிடிச்சா எல்லாம் முடிஞ்சிச்சு. ஜெமீல்தான் எடுத்தவரெண்டா றுமானா ராத்தா சொல்றது சரி.” ஜெஸீமா படத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பிறகு தள்ளிப் பிடித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

“என்ன?”

“மிஸ், இந்தப் புருவத்த நான் பாத்திருக்கன்.”

“புருவத்தையோ?”

“மூஞ்சிய மறப்பன். புருவத்த மறக்கமாட்டன். இடது புருவத்தில நடுவில ஒரு முடி இல்லாத கோடு. பென்சிலால நிரப்பலாமெண்டு அப்பவே நினைச்சன்.” கண்ணைத் திறந்தாள். “பெயின்ட்.”

“என்ன பெயின்ட்?”

“என்ட கூடப்பிறந்த நானா வீட்டுக்கு அடிக்க நிறம் பாக்கச்சொல்லி ஒரு லிங்க் அனுப்பினவர். தம்பிராசா அண்ணன்ட ஹாட்வெயார். அந்தப் பெட்டியில ஒரு பொம்பிள நிண்டா. பெயின்ட் விளம்பரத்துக்கு வந்த மொடலாக்குமெண்டு விட்டுட்டன்.” பழைய செய்திகளைத் தள்ளித் தள்ளிப் போய், ஒரிடத்தில் நிறுத்தி, போனைத் திருப்பிக் காட்டினாள்.

‘தம்பிராசா ஹாட்வெயார் – சுவர் வர்ணங்கள்’. அதற்கு மேலே அதே சுவர், அதே காற்று, அதே ஊதா முக்காடு.

கஜந்திக்கு முதலில் வந்தது சந்தோஷம் அல்ல. ஒரு சின்னக் குத்தல். தான் காலையிலிருந்து அந்தப் படத்தின் வெளிச்சத்தையும் நிழலையும் சுவரையும் படித்துக்கொண்டிருக்க, இவள் ஒரு புருவத்தைப் பிடித்துக்கொண்டு ஊரின் மறுபக்கத்தில் கதவைத் திறந்துவிட்டாள். அந்தக் குத்தலைக் கஜந்திக்கு நன்றாகத் தெரியும். அது வந்தால் குரலை வேண்டுமென்றே இதமாக்கிக்கொள்வாள்.

“நல்லா இருக்கு ஜெஸீமா” என்றாள். “வாங்கோ, போவம்.”

“இவ்வளவு மரியாதையாச் சொன்னா எனக்குப் பயம் மிஸ்.”

*

பிரதான வீதியில் தம்பிராசாவின் கடை வாசலில், சீமெந்துப் பைகளின் நிழலில் ஊருக்குள் திரியும் புள்ளிமான்களில் ஒன்று படுத்திருந்தது. உள்ளே போகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தம்பிராசா கதிரையில் இருந்தபடி ஒருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

ஜெஸீமா அவருடைய கடை லிங்கை அவருடைய போனுக்கே அனுப்பினாள். தம்பிராசா கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

“நல்ல வடிவான பிள்ளை. ஆர் இவ?”

“உங்கட பெயின்டுக்குப் பக்கத்தில நிக்கிறா. எங்களிட்டக் கேக்கிறீங்க” என்றாள் ஜெஸீமா.

தம்பிராசா கடையின் உட்பக்கக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதற்கப்பால்தான் வீடு. குரல் இறங்கியது. “எங்கட மனுசி இதைக் கண்டவவோ?”

“காணேல்லப் போல. இன்னும் நீங்க கதிரையில இருக்கிறீங்களே.”

“பிள்ளை, பகிடி விடாத. நான் ஒரு பாவமும் அறியன்.”

“அண்ணை, இந்தப் பக்கத்தை ஆர் செய்தது?” என்று கஜந்தி குறுக்கிட்டாள்.

“சைட் முழுக்க நஸ்ரி எண்ட கம்பியூட்டர்காரப் பெடியன் செய்தவன். இந்தப் பெயின்ட் பக்கம் மட்டும் நான் போட்டது.” அவர் அதில் கொஞ்சம் பெருமைப்பட்டார். “தலைப்பு எழுதச் சொல்லிக் கேட்டது, எழுதினனான். விவரம் கேட்டது, எழுதினனான். படம் கேட்டது. படம் ஏத்த எனக்கு ஏலாமப் போச்சு. வெறுமையா விட்டுட்டு அமத்தினன், அதுபாட்டுக்குப் போச்சு.”

“மற்றப் பக்கங்களுக்கு?”

“நஸ்ரி படம் போட்டுத்தான் தந்தவன். குழாய்ப் பக்கத்துக்குக் குழாய், ஆணிப் பக்கத்துக்கு ஆணி.”

கஜந்தி ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்தாள். குழாய்க்குக் குழாய் வந்தது. ஆணிக்கு ஆணி.

“அப்ப” என்றாள் ஜெஸீமா மெதுவாக, “படம் இல்லாத இடத்துக்கெல்லாம் இவ வாறா.”

“ஜெமீலின்ர தளத்தையும் நஸ்ரிதான் செய்திருக்கவேணும்” என்றாள் கஜந்தி.

தம்பிராசா அதற்குள் தன் போனை அணைத்து, மேசை இழுப்பறைக்குள் வைத்து, இழுப்பறையையும் பூட்டிவிட்டார்.

*

நஸ்ரியின் அறை மத்திய வீதியில், போன் திருத்தும் கடைக்கு மேலே இருந்தது. முப்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, கவனமாக வெட்டிய தாடி. ஜெமீலின் பெயரைக் கேட்டதும் சாதாரணமாகத் தலையாட்டினான். படத்தைக் காட்டியதும் அவன் முகம் சட்டென்று மாறியது.

“இது எப்படி வெளிய வந்த?” என்றான்.

“அதைத்தான் உங்களிட்டக் கேக்க வந்தனாங்கள்.”

அவன் எழுந்து ஜன்னலைச் சாத்தினான். எதற்கென்று அவனுக்கே தெரிந்திருக்காது.

“பக்கத்தைத் திறந்தா நீங்க பாக்கிறது உடம்பு” என்று தொடங்கினான். திரையைப் பார்த்துப் பேசுவது அவனுக்கு லேசாக இருந்தது. “அதுக்கு மேல தலை எண்டு ஒரு பகுதி இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. அதுக்குள்ள மெட்டா டேக் எண்டு சின்னச் சின்ன வரிகள். இந்தப் பக்கத்துக்குப் பேர் இது, விவரம் இது, படம் இது எண்டு சொல்லும். லிங்கை வட்ஸ்அப்பில போட்டா, அது அந்தத் தலையை மட்டும் வாசிச்சுட்டு வந்து பெட்டி கட்டும். உடம்பில என்ன இருக்கெண்டு பாக்காது.”

“அதாலதான் பக்கத்தில தேடினா இவ இல்லை.”

“ஓம். நான் ஒவ்வொரு தளத்தையும் முதலில இருந்து எழுதுறதில்ல. ஃப்ரேம்வேர்க் ஒண்டில ஒரு சட்டம் அடிச்சு வெச்சிருக்கன். படச்சட்டம் மாதிரி. எந்தப் பக்கமும் அதுக்குள்ளதான் வந்து உக்காரும். பக்கம் தன்ட படத்தைத் தானே சொன்னா, அந்தப் படம். பக்கம் ஒண்டும் சொல்லாட்டி, சட்டத்தில பொதுவா ஒரு படம் வெச்சிருக்கும். அது வரும்.”

“அந்தப் பொதுப் படம் இவ.”

நஸ்ரி தலையாட்டினான்.

“எத்தனை தளத்தில?” என்றாள் ஜெஸீமா.

“எல்லாத்திலயும்” என்றான். “நான் செஞ்ச எல்லாத்திலயும். ஆனா ஒருத்தரும் கண்டதில்ல. நான் எல்லாப் பக்கத்துக்கும் படம் போட்டுத்தான் குடுக்கிறது. அவ வர இடம் வெக்கிறதில்ல.”

மீன் கம்பனி, ரியூஷன் வகுப்பு, ஹாட்வெயார், படகு. துறைமுகத்தைச் சுற்றியிருந்த பாதிக் கடைகளின் அடியில் ஒரு பெண் காற்றுக்கு முக்காட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

“படத்தை எடுத்தது நீங்கள்” என்றாள் கஜந்தி.

“டச்பே கடற்கரையில. ஒருக்கா.” அவன் தாடியைத் தடவினான். “பேர் கேக்காதீங்க. அவ கலியாணம் முடிச்சு டோஹாவில இருக்கா. அவட மாப்பிள அவட படத்த ஒரு இடத்திலயும் போட விடமாட்டாராம். எனக்கும் அதுதான் விருப்பம். அந்த ஒரு விஷயத்தில எனக்கும் அந்த மனுசனுக்கும் ஒத்துப்போகுது.”

“பிறகேன் இங்க வெச்சீங்க?” என்றாள் ஜெஸீமா. அவள் குரலில் இப்போது பகிடி இல்லை.

“முதல் தளம் செய்யேக்க சோதிச்சுப் பாக்க ஒரு படம் வேணும். அகலம் கூட, உயரம் குறைய. அந்த அளவில என்ட கையில இருந்தது அதுதான். பிறகு மாத்தியிருக்கலாம்.” தாடியிலிருந்து கையை எடுத்து, “மாத்தியிருக்கலாம்” என்று மறுபடியும் சொன்னான்.

கஜந்தி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவருக்கும் காட்டாமல், எல்லாவற்றுக்கும் அடியில் ஒருத்தியை வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். அது அன்பா, வேறொருவன் கண் பட்டுவிடக் கூடாது என்று பொத்திப் பிடிக்கிற பேராசையா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. ஆனால் தன்னை இப்படி எவரும் எதற்கடியிலும் வைத்ததில்லை என்ற நினைப்பு, கேட்காமலே வந்து உட்கார்ந்தது. டோஹாவில் இருக்கும் முகம் தெரிந்த, பெயர் தெரியாத ஒருத்தி மேல் பொறாமைப்படுவது வெட்கமாகவும் இருந்தது.

“அவவின்ர மாப்பிள்ளைக்கு இந்த லிங்க் போனா என்ன நடக்குமெண்டு யோசிச்சீங்களோ?” என்றாள். “இண்டைக்கே எடுக்கவேணும். எல்லாத் தளத்திலயும்.”

நஸ்ரி சட்டத்தைத் திறந்தான். படத்தின் பெயர் இருந்த வரியில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அவன் விரல் விசையின் மேல் நின்றது, நின்றது, பிறகு அழுத்தியது. பொதுப் படத்துக்கு வெறும் நீல நிறம் ஒன்றை வைத்தான்.

“ஒண்டு விளங்கேல்லை” என்றாள் கஜந்தி. “தம்பிராசா அண்ணை படத்தை வெறுமையா விட்டவர், சரி. ஜெமீலின்ர பக்கம் நீங்கள் செய்தது. வெறுமையா விடமாட்டன் எண்டு சொல்றீங்கள்.”

“விடல்ல. ‘எங்களைப் பற்றி’க்குப் படம் போட்டன். ஆரோ அழிச்சிருக்கு.” தேடினான். “ஏத்தின படங்கள் அழிச்சாலும் பெட்டகத்தில கிடக்கும். இந்தா.”

படகின் முன்பக்கம். ஜெமீல் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் ஒரு வெளிநாட்டுப் பெண் அவன் தோளில் கைவைத்துச் சிரிக்கிறாள். அவள் தலையில் வைக்கோல் தொப்பி. தொப்பியைச் சுற்றி நீல நாடா. நாடாவில் தைத்த சின்னச் சிப்பி.

“ஐயோ பாவம், கண்ணத் திறக்கவே ஏலாம நிக்கிறாரு” என்றாள் ஜெஸீமா. அவளுக்குப் பொறி தட்டவில்லை.

கஜந்திக்குத் தட்டியது.

“இந்தப் படம் வேற எங்க இருக்கு?”

“எங்கயும் இல்ல. அந்தப் பிள்ளை தன்ட போனில எடுப்பிச்சு நேரா எனக்கு மெயில் பண்ணினது. ஜெமீல் காக்காவே பாத்திருக்கமாட்டார். பக்கத்திலயும் போடல்ல. தலையில மட்டும்தான் வெச்சன்.”

“அப்ப இது லிங்க் அனுப்பினா மட்டும்தான் தெரியும்.”

“ஓம்.”

“பக்கத்தை மாத்த பாஸ்வேர்ட் ஆரட்ட இருக்கு?”

“என்னட்ட. பிறகு அவங்க வீட்டில. விலை மாறினா அந்த ராத்தாதான் மாத்துவா.”

படியிறங்கும்போது ஜெஸீமா அவளை முந்திக்கொண்டு வந்து நின்றாள். “மிஸ், உங்கட முகம் சரியில்ல. என்ன கண்டீங்க?”

“றுமானா காலமை என்ன சொன்னவ? வைக்கோல் தொப்பி, நீல நாடா, நாடாவில சிப்பி.”

“ஓம். படகில ஆரையோ கண்டிருப்பா.”

“இறங்குதுறைப் பக்கமே ஒருநாளும் போகாதவ எந்தப் படகில காணுறது?”

ஜெஸீமா நெற்றியில் தட்டிக்கொண்டாள். “சிப்பியையும் ஞாபகம் வெச்சிருக்காவே. அவ்வளவு சின்னப் பெட்டிக்குள்ள.”

“பொறாமைப்படுற ஆள் ஒண்டையும் மறக்காது” என்றாள் கஜந்தி.

அது எப்படித் தெரியும் என்று ஜெஸீமா கேட்கவில்லை. கேட்டிருந்தால் கஜந்தி பொய்தான் சொல்லியிருப்பாள். ஜெஸீமா வேலைக்கு வந்த முதல் நாள் போட்டிருந்த பச்சைக்கல் தோட்டை, அன்று அறைக்கு வந்த கிழவர் அவளைப் பார்த்து எப்படி மகள் என்று அழைத்தார் என்பதை, தன்னை மிஸ்டர் என்று மாற்றி அழைத்ததை, எல்லாவற்றையும் அவளால் இப்போதும் வரிசையாகச் சொல்ல முடியும்.

“ஜெமீலுக்குப் போன் எடுங்கோ” என்றாள். “நஸ்ரியின்ர சட்டத்தை மட்டும் சொல்லி, பின்னேரம் அஸர் தொழுதிட்டு வீட்டுக்கு வரச்சொல்லுங்கோ.”

*

றுமானா முன்னறையில் அவர்களை உட்காரவைத்தாள். சுவர் அலுமாரியின் பக்கத்தில் ஒரு பயணப் பை, ஸிப் பூட்டி, நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. மடித்து அடுக்கியவள் அக்கறையாகத்தான் அடுக்கியிருக்கிறாள் என்பது அதன் பக்கங்கள் வீங்காமல் இருந்ததில் தெரிந்தது.

கஜந்தி படத்தில் இருந்தவள் ஜெமீலுக்கு யாருமில்லை என்று தொடங்கினாள். தம்பிராசாவின் பெயின்ட்டைச் சொன்னாள். சட்டத்தைச் சொன்னாள். நஸ்ரியின் கதையில் வேண்டிய அளவை மட்டும் சொன்னாள். றுமானா முழுவதையும் அசையாமல் கேட்டாள். முடிந்ததும், நிம்மதி வரவேண்டிய இடத்தில், அவள் முகத்தில் ஒரு பயம் வந்தது.

“அப்ப அவருக்குச் சம்பந்தமில்ல.”

“இல்லை. படம் வெறுமையா இருந்தபடியா அவ வந்தவ.” கஜந்தி சற்று நிறுத்தினாள். “அதை வெறுமையாக்கினது நீங்கள்.”

ஜெஸீமா தரையைப் பார்த்தாள்.

“மதினி ஒரு நாள் அந்த லிங்க அனுப்பினா” என்றாள் றுமானா. “பாருங்க உங்கட மாப்பிளயெண்டு சிரிச்சு ஒரு மஞ்சள் மூஞ்சியும் போட்டு. பாத்தன். தொப்பிக்காரி. அண்டைக்கே உள்ள போய் அழிச்சன். அவ போயிட்டாவெண்டு நினைச்சன்.” கையை மடியில் கோத்துக்கொண்டாள். “நான் அழிச்சது ஒருத்திய. வந்தது இன்னொருத்தி.”

“காலமை ஏன் சொல்லேல்லை?”

“இதுக்கும் அதுக்கும் தொடுப்பிருக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? தெரிஞ்சிருந்தாலும் எப்படிச் சொல்றது? புருசன்ட தொழிலுக்குள்ள கைய விட்டு ஒரு படத்தத் தோண்டி எடுத்தவ எண்டா? சாச்சாமார் சிரிப்பாங்க. மதினி பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லுவா. அவர்,” அங்கே நின்றாள். “அவர் இனி என்ன செஞ்சாலும் நான் வாய் திறக்க ஏலாது. நீ அழிச்சவதானே எண்டு ஒரு சொல்லுப் போதும்.”

கஜந்திக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. தோற்றால் மட்டும் போதாது, தோற்றதைத் தன் வாயாலேயே சொல்லவும் வேண்டும் என்பதுதான் இதிலுள்ள கொடுமை என்று அவளுக்குத் தெரியும்.

“நஸ்ரி செய்த பிழை எண்டு நாங்கள் சொல்லலாம்” என்றாள் ஜெஸீமா மெதுவாக. “பொய்யும் இல்ல.”

றுமானா நிமிர்ந்து கஜந்தியைப் பார்த்தாள். அப்படிச் சொல்லலாமா என்று, கேட்பதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு, கண்ணால் கேட்டாள். கஜந்தி தடுக்கவில்லை. றுமானா போனை எடுத்துச் சாச்சாவை அழைத்தாள். “நாளைக்கு வரத் தேவையில்ல சாச்சா. படம் பிழையா மாறி வந்திருக்கு. கம்பியூட்டர் பிழை. ஓம். எல்லாரோட தளத்திலயும் வந்திருக்கு.” வைத்தாள். அந்தப் பொய்யின் பாதி உண்மை அவளுக்குக் கொஞ்சம் பிடிமானம் கொடுத்தது போல இருந்தது.

வாசல் கேற் திறக்கிற சத்தம் கேட்டது. ஜெமீல் உள்ளே வரவில்லை. வாசல் படிக்கு அப்பால் செருப்போடு நின்றான். பருத்த, வெயிலில் கறுத்த மனிதன். சட்டையில் டீசல் மணத்தது. கண் நேராகப் பையில் போய் விழுந்தது.

“விஷயத்தப் போனில சொன்னாங்க” என்றான் கஜந்தியிடம். மனைவியைப் பார்க்கவில்லை. “நஸ்ரிட சட்டத்தில இருந்ததாம். சரி. ஆனா எனக்கொண்டு விளங்கல்ல மிஸ். தளம் தொடங்கி இவ்வளவு காலம். ஏன் இப்ப மட்டும் வந்த?”

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் தானல்ல என்று கஜந்திக்குத் தெரிந்திருந்தது. ஜெஸீமா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கஜந்தி அவள் மணிக்கட்டைத் தொட்டு நிறுத்தினாள்.

முன்னறையில் மின்விசிறி சுற்றியது. றுமானா எழுந்து போய்ப் பைக்கும் கதவுக்கும் நடுவில் நின்றாள்.

“நான்தான் அழிச்சன்” என்றாள்.

“எதை?”

“அந்தத் தொப்பிக்காரிய.”

ஜெமீலின் நெற்றி சுருங்கியது. அவன் மனைவியைப் பார்த்தான், பிறகு ஜெஸீமாவைப் பார்த்தான், யாராவது எடுத்துக்கொடுப்பார்களா என்பது போல.

“எந்தத் தொப்பிக்காரி?”

“உங்கட தோளில கைய வெச்சவ. வைக்கோல் தொப்பி. நீல நாடா.” அவள் குரல் உடையப் பார்த்தது. “நாடாவில சிப்பி.”

அவன் யோசித்தான். நடிக்கவில்லை. ஒரு பருவத்தில் எத்தனையோ தொப்பிகள் அவன் படகில் ஏறி இறங்குகின்றன. அவற்றுள் ஒன்றைத் தேடி, நேர்மையாக, கஷ்டப்பட்டு, கண்ணைச் சுருக்கி யோசித்தான். கிடைக்கவில்லை.

“ஞாபகம் இல்ல புள்ள” என்றான்.

றுமானா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை நாளாக அந்த நாடாவின் ஒவ்வொரு தையலையும் தூக்கிக்கொண்டு திரிந்தவள் அவள் மட்டும்தான். அது ஆறுதலா, அதைவிடப் பெரிய அவமானமா என்று அவளுக்கே தெரியவில்லை என்பது கஜந்திக்குத் தெரிந்தது.

பிறகு றுமானா குனிந்து பையைத் தூக்கினாள். வாசல் பக்கம் போகவில்லை. அறைக்குள் கொண்டுபோனாள். உள்ளே பையின் ஸிப் திறக்கிற சத்தம் கேட்டது.

ஜெமீல் செருப்பைக் கழற்றினான்.